இடியா, திருவிழாவா?

மாமல்லபுரத்தில் கைடு கோதண்டராமன் எங்கே என்று கேட்டால் எவனும் சரியாகப் பதில் சொல்ல மாட்டான். ‘அஸ்டானிஷ் கோதண்டம்’ என்று கேளுங்கள், பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையிலிருந்து கடற்கரையில் சங்கு மாலை விற்கிறவள் வரைக்கும் கை நீட்டி வழி காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவனுக்கு உள்ளூரப் பிடிக்கும். யாராவது கூப்பிட்டால் கோபம் வந்ததுபோல ஒரு முறைப்பு முறைப்பான், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் அவன். மதுராந்தகம் ஏரிக்கு மேற்கே ஒரு கிராமம் அவன் ஊர். பெயிலானவனை நிலத்தில் இறக்கப் பார்த்தார்கள், அவன் பஸ் ஏறி இங்கே வந்து சோடாக் கடையில் பாட்டில் கழுவினான். கல் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, எந்த இங்கிலீஷ் அவனைக் கவிழ்த்ததோ அதையே பிடித்துச் சவாரி செய்யக் கற்றுக்கொண்டான். நாலு வருஷத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாகக் கைடு ஆகிவிட்டான்.

ஆரம்பத்தில் எல்லாக் கைடுகளையும் போல அவனும் ‘யூ வில் பி அமேஸ்டு அண்டு அஸ்டானிஷ்டு’ என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பான். எழுபதிலோ எழுபத்தொன்றிலோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாள், அவள் நாட்டில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவளாம். இவன் ஒப்பித்து முடித்ததும் குடையைப் பிடித்து நிறுத்தி, “இரண்டில் எது முதலில் ஆவேன்?” என்று கேட்டாள். இவன் திருதிருவென்று விழித்தான். இரண்டும் ஆச்சரியந்தானே, அதில் முதலென்ன கடைசியென்ன?

கிழவி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து விளக்கினாள். அஸ்டானிஷ் என்றால் இடி விழுகிற மாதிரி. ஒரே அடிதான், நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோம். அமேஸ் அப்படியில்லை. உள்ளே போய்விட்டோம், வழி தப்பிவிட்டது, திரும்புகிற பக்கமெல்லாம் புதுசு புதுசாக இருக்கிறது, வெளியே வரவே மனசில்லை. அந்த மாதிரி.

கோதண்டராமனுக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் அவனே ஒருதரம் அப்படித் தொலைந்தவன். மதுராந்தகம் ராமர் கோயில் திருவிழாவில், அரை டிராயர் வயசில், ராட்டினத்தையும் பொம்மைக் கடையையும் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விட்டான். அக்கா செங்கம்மாள் கூட்டம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்து, முதுகில் இரண்டு வைத்து, பிறகு அவளே கட்டிக்கொண்டு அழுதாள். “பயமா இல்லியாடா ஒனக்கு?” என்று கேட்டதற்கு, “நீதான் வருவியே” என்றானாம். அம்மா போனதிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டியதும் தலை துவட்டியதும் அவள்தான். அந்தப் பதிலைச் சாகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அதற்குப் பிறகு அவன் சுற்றிக் காட்டுகிற விதமே மாறிப்போயிற்று. முதலில் சரிவில் நிற்கிற அந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போவான். “ஹியர், அஸ்டானிஷ்டு! தண்டர்!” என்று குடையைத் தூக்குவான். எந்த நிமிஷமும் தங்கள் மேலே உருண்டுவிடும் போல நிற்கிற பாறையைப் பார்த்து வந்தவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். பிறகு அர்ஜுனன் தபசு. யானையும் நாகமும் தவம் செய்கிற பூனையும் தேவர்களுமாக அந்தப் பாறை முழுக்க நிறைந்திருப்பதைக் காட்டி, குரலைத் தணித்து, “ஹியர், அமேஸ்டு. லாஸ்ட் இன் ஃபெஸ்டிவல்” என்பான். அவர்கள் கண் அப்படியே மேயும். மற்ற கைடுகள், “இன்னா கோதண்டம், இன்னிக்கு இடி வுழுந்துச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். செய்தால் என்ன, வந்தவர்கள் இவனைத்தான் தேடி வந்தார்கள்.

அக்காவைப் பக்கத்து ஊரிலேயே காசிநாதனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா தங்கமான மனுஷன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். பிள்ளை இல்லை. அது ஒரு குறை அவளுக்கு. “நான் செத்தா வாசல்ல உக்காந்து அழுவ எனுக்கு யாருடா கீறாங்க?” என்று விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொல்வாள். இவன் “நான் இல்லியா?” என்பான். “நீயா? நீ வெள்ளக்காரனுக்குக் கல்ல காட்டிகினு இருப்ப” என்பாள்.

அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அரை நாள் பஸ் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி நாற்பது வயசைத் தாண்டிவிட்டாள் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்துக்கு மாமல்லபுரத்தில் சனம் வந்து கடலில் முழுகும். “இந்த மகத்துக்காவது கூட்டிகினு போடா, நீ இங்கிலீசு பேசறத நான் கேக்கணும்” என்று கேட்பாள். மாசி வந்தால் இவனுக்கு வெள்ளைக்காரர் கூட்டம் அலைமோதும். வருகிற வருஷம் அக்கா, கண்டிப்பா அக்கா. இப்படியே வருஷம் ஓடிற்று.

எழுபத்து மூன்று கார்த்திகை. மழை விட்டு, கூட்டம் வரத் தொடங்கிய நேரம். காலையில் செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சௌகத் அலி கூட்டம் இறங்குவதற்கு முன்னாலேயே குதித்து இவனைத் தேடிக்கொண்டு வந்தான். பழகின பிள்ளை, தினம் ஒரு கேலி பேசாமல் போகாதவன். அன்றைக்கு இவன் முகத்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணாத்த, மதுராந்தகம் வண்டி கண்டக்டர்ட்ட சொல்லி அனுப்பிக்கிறாங்க. அக்காவுக்கு ஒடம்பு முடியலியாம். ஒடனே கெளம்பி வரச் சொன்னாங்களாம்.”

கோதண்டராமன் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதியை யாரும் சாவுச் சேதியாகச் சொல்வதில்லை. கேட்கிறவன் வழியிலேயே விழுந்துவிடுவானே என்று, போன உயிரை ‘முடியலை’ என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாததுபோல பஸ் ஏறுவார்கள். இந்த மரியாதையை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்! நிஜமாகவே முடியாமல் கிடக்கிறவளுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று அந்தப் புண்ணியவான் யோசிக்கவில்லை.

செங்கம்மாளுக்கு நிஜமாகவே முடியவில்லை. விஷக்காய்ச்சல். நாலைந்து நாளாக நினைவில்லாமல் கிடந்தாள். “இன்னிக்குப் பொழுது தாண்டணும்” என்று டாக்டர் சொன்னதும், காசிநாதன் ஓடிப்போய் விடியற்காலை பஸ்காரனிடம் உள்ளது உள்ளபடி சொல்லி அனுப்பினார். வாழ்நாளெல்லாம் அதிகம் பேசாத மனுஷன் பேசிய ஒரு வார்த்தை அப்படிப் போய்ச் சேர்ந்தது.

கோதண்டராமன் வீட்டுக்கு ஓடினான். விஷயம் கேட்டதும் பெண்டாட்டி ஞானம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னாய்யா, வெறுங்கையோடவா போவ? பொறந்த வூட்டுக் கோடி வுழ வேணாமா அவுங்க மேல?”

அதுவும் நியாயந்தான். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுச்சேலை அவள்மேல் விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். இவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இந்த ஒருத்தன்தான். நேரே போயிருந்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். செங்கல்பட்டில் இறங்கி ஜவுளிக் கடைக்குப் போனார்கள். அக்காவுக்கு அரக்கு நிறம் பிடிக்கும். உயிரோடிருந்தபோது ஒரு தீபாவளிக்குக்கூட எடுத்துத் தராத அந்த அரக்குச் சேலையை, மஞ்சள் கரை போட்டது, பார்த்துப் பார்த்து எடுத்தான். பூக்கடையில் ரோஜா மாலை கட்டச் சொல்லி, கட்டி முடிகிறவரை நின்றான். அந்நேரம் அங்கே கிராமத்தில் செங்கம்மாளுக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்து, “தம்பிக்குச் சொல்லி அனுப்பினீங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சாவுக்கு வருகிறவர்கள் தெரு முனையிலேயே குரல் எடுக்க வேண்டும். ஞானம்பாள் அதற்காக ஆரம்பித்தாள். இவனுக்கோ அது தேவைப்படவில்லை. வழியெல்லாம் பல்லைக் கடித்து அடக்கி வைத்தது தெருவைக் கண்டதும் பீறிட்டுக்கொண்டு வந்தது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு மாரில் அறைந்துகொண்டு கத்தினான்.

“என்னப் பெத்த தாயே! கடலக் காட்றேன் காட்றேன்னு ஏமாத்திட்டேனே! இனிமே என்ன யாரு தேடி வருவா? அக்கா! அக்கா!”

வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. கண் திறந்தவளைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துச் சனம். இவர்கள் வருகிற கோலத்தைப் பார்த்து நாலைந்து ஆண்கள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள், வாயைப் பொத்தத்தான். சாவு வீட்டுக்கு வருகிறவனிடம் துக்கத்தைக் கை நீட்டி வாங்குவதுதானே வழக்கம்? இவனும் அவர்கள் கையைத் தொட்டுத் தொட்டு விட்டு, அவர்கள் சொன்ன எதுவும் காதில் விழாமல், அழுதுகொண்டே உள்ளே போய்விட்டான்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள்.

கோதண்டராமன் அப்படியே நின்றான். செங்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள், தோளில் கிடந்த மாலையைப் பார்த்தாள், அவன் கையில் இருந்த ஜவுளிக் கடைப் பொட்டலத்தைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

“எனுக்கா கொண்டாந்த?” என்றாள்.

ஞானம்பாள் பாய்ந்து மாலையைப் பிடுங்கிக் கொல்லைப்புறம் வீசினாள். கோதண்டராமன் அக்கா காலடியில் விழுந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பான். அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

“சரி, எழுந்திரு. கோடி இன்னா கலரு எடுத்த? பிரி, பாக்கலாம்.”

“வேணாம்க்கா.”

“அட பிரிடான்றேன். செத்தப்பறம் எவ பாக்கறா? கொடுத்து வெச்சவடா நான், உயிரோட பாக்கறேன்.”

பிரித்தான். அவள் கரையைத் தடவிப் பார்த்து, “அரக்கு” என்றாள். பிறகு அந்தச் சேலையை மேலே போர்த்தச் சொன்னாள். முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததும் சுற்றி நின்ற பெண்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள். காசிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. தூணோரம் நின்று பெண்டாட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோதண்டராமன் அவளை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டினான், தலை வாரினான். வர்ற மாசி மகத்துக்குக் காரே வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். இந்தத் தடவை அவன் மனசார நினைத்துத்தான் சொன்னான்.

“கடலு கெடக்குது வுடு. அது எங்கயும் ஓடிப் போவாது. நீ அந்தக் கல்லப் பத்தி இங்கிலீசுல பேசுவியே, அத்த பேசு” என்றாள்.

அவன் கூச்சப்பட்டான். பிறகு எழுந்து நின்று, கையில் குடை இல்லாததால் விசிறியைப் பிடித்துக்கொண்டு, ‘லேடீஸ் அண்டு ஜென்டில்மென்’ என்று ஆரம்பித்தான். நெல் மூட்டை பாறை ஆயிற்று, சுவர் அர்ஜுனன் தபசு ஆயிற்று. அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கண் கொட்டாமல் கேட்டாள். நடுவில் நிறுத்தி, அந்த இரண்டு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டாள். இடி என்றும், திருவிழாவில் தொலைந்தது என்றும் சொன்னான். நீ என்னைத் தேடி வந்து முதுகில் வைத்தாயே, அது என்றான்.

அவள் அப்புறம் கேட்டாள்.

“நேத்து நீ மாலையோட வந்தியே, அப்ப எனுக்கு ஆனது எதுடா? இடியா, திருவிழாவா?”

கோதண்டராமன் விசிறியைக் கீழே வைத்தான். அவளே சொன்னாள்.

“திருவிழாதாண்டா. தெரு முனையிலேர்ந்தே உன் கொரலு கேட்டுச்சு. யாரு வூட்டு சாவோன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, அக்கா அக்கான்ற. எனுக்குப் போயி இப்டி அழுவுறானேன்னு... கேட்டுகினே இருந்தேன்டா. நீ நிறுத்தக் கூடாதுன்னு இருந்துச்சு.”

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் முதுகில் இரண்டு வைத்தாள், வலிக்காமல்.

அடுத்த நாள் காலை அவளுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

“இந்தக் காய்ச்சல் இப்படித்தான்பா, போன மாதிரி போய்த் திரும்பி வரும்” என்றார் டாக்டர். ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவள், தம்பி மாலை கொண்டு வந்ததும் போய்ச் சேர்ந்தாள், இதற்கு டாக்டர் எதற்கு என்றது. “உயிரோட இருக்கறவளுக்குக் கோடி கொண்டாந்தவன்” என்று வாசலிலேயே, அவன் காதில் விழும்படியே பேசினார்கள். உயிரோடு போர்த்திப் பார்த்த சேலை கோடி ஆகாது, வேறு எடு என்று ஒரு கிழவர் தகராறு செய்தார். அப்போதுதான் காசிநாதன் வாயைத் திறந்தார்.

“அது அவளுக்குப் புடிச்ச பொடவ. அதான் வுழும்” என்றார்.

அரக்குச் சேலையைத் தம்பி தன் கையால் போர்த்தினான். எல்லோரும் அழுதார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு முக்கிப் பார்த்தும் வரவில்லை. அவளுக்கென்று அவனிடம் இருந்த அழுகையை அவளே உட்கார்ந்து கேட்டு முடித்துவிட்டாள்.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று, மாமாவை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டான்.

“மாமா, நெசத்தச் சொல்லு. என்னாலதான் அக்கா போச்சா?”

காசிநாதன் தண்ணீரையே பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

“எனுக்கு இன்னா தெரியும் மச்சான்? ஒன்னப் பாத்ததுல அவளுக்கு சந்தோசம்தான். அது நெசம்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். “ஆனா, அந்த மாலையப் பாத்ததும் அவ கை நடுங்க ஆரமிச்சுது. அதான் கண்ணாடியக்கூட மடியில வெச்சுகினு பாத்தா. கடசி வரைக்கும் அந்த நடுக்கம் நிக்கல.”

தன் தலையில் வைத்த கை, முதுகில் தட்டிய கை. இரண்டு நாளும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. காய்ச்சல் இறங்கின பலவீனத்தில் யாருக்குத்தான் கை நடுங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனான். அவள் திருவிழா என்று சொன்னது உண்மையா, இல்லை தொலைந்து நின்ற தம்பியைத் தேடி வந்து தேற்றுகிற வேலையைக் கடைசியாக ஒருதரம் செய்துவிட்டுப் போனாளா? அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

மாசி மகம் வந்தது. கடற்கரை முழுக்கச் சனம், அக்காவும் தம்பியுமாக, அம்மாவும் பிள்ளையுமாக. கோதண்டராமன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இடியா திருவிழாவா என்று இல்லாத அக்காவையே கேட்டுக்கொண்டு கிடந்தான்.

பிறகு பழையபடி வேலைக்குப் போனான். அதே வெள்ளைச் சட்டை, அதே குடை. மற்ற கைடுகள் இடி விழுந்ததா என்று கேட்பதை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன்னால் ‘பிக் ஸ்டோன்’ என்பான், தபசின் முன்னால் ‘வெரி ஓல்டு’ என்பான்.

எழுபத்தெட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு தேடி வந்தார்கள். முன்னே வந்துபோன யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஆசையாகச் சிரித்துக்கொண்டே, “அஸ்டானிஷ், அமேஸ். இரண்டுக்கும் வித்தியாசம் நீங்கள்தான் ரொம்ப நன்றாகச் சொல்வீர்களாமே?” என்று கேட்டாள்.

கோதண்டராமன் குடையை மடக்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மாளின் முகத்துக்குப் பின்னால் அத்தனை பெரிய பாறையும் யானைகளும் நின்றுகொண்டிருந்தன.

“ஐ டோன்ட் நோ, மேடம்” என்றான். “ஐ ஆஸ்க்டு மை சிஸ்டர். ஷி டிட் நாட் டெல்.”